உஷார்! பவளத் தொட்டிக்குள் செம்பு போகிறது

மதுரையில் வீட்டில் மரைன் டேங்க் வைத்திருப்பவர்கள், முதலில் சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. மெஷினைப் போய்ப் பாருங்கள். அதன் முகப்பில் ‘காப்பர்’ என்று போட்டிருக்கிறதா? போட்டிருந்தால், அந்தத் தண்ணீர் ஒரு டம்ளர்கூட இனிமேல் பவளத் தொட்டிக்குள் போகக் கூடாது.

செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் காலங்காலமாக நம்புகிறோம். அதை வைத்தே, வடிகட்டிய நீரில் செம்பைச் சேர்த்துத் தரும் மெஷின்கள் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை விடுகிறது. நாம் குடிக்க அது சரி. ஆனால் கடல்வாழ் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வரம்பு, கொஞ்ச நேரம் பட்டாலே 0.0048, நீண்ட நாள் பட்டால் 0.0031. நமக்கு நல்ல தண்ணீர் என்று ஏற்கும் அளவே பவளத்துக்குப் பத்து மடங்குக்கும் மேல்.

மதுரை வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் தொட்டித் தண்ணீர் கண் முன்னாலேயே இறங்கும். தினமும் ஊற்றியாக வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். கொண்டுவந்த உலோகம் உள்ளேயே தங்கிவிடும். நூறு லிட்டர் தொட்டிக்குத் தினம் இரண்டு லிட்டர் ஊற்றினால், ஐம்பதே நாளில் தொட்டி முழுவதையும் அந்தத் தண்ணீரால் நிரப்பியதற்குச் சமமான செம்பு உள்ளே போயிருக்கும். அதில் ஒரு பங்கைச் சுண்ணாம்புப் பாறையும் மணலும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லக் கக்கும்.

டி.டி.எஸ். மீட்டரை நம்பி ஏமாறாதீர்கள். இவ்வளவு சிறிய அளவை அது காட்டவே காட்டாது. கடையில் வாங்கும் காப்பர் டெஸ்ட் கிட்டிலும் நிறம் மாறவில்லை என்பதால் செம்பே இல்லை என்று ஆகிவிடாது. அது மீனுக்குச் செம்பு மருந்து போடும் அளவை அளக்கச் செய்தது. சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் செய்யும் ஐ.சி.பி. பரிசோதனைதான் வழி.

உலோகம் உள்ளே வர ஆர்.ஓ. மெஷின் மட்டும்தான் வழி என்றில்லை. பித்தளைக் குழாய், பித்தளை வால்வு, ஓஸில் மாட்டிய இரும்புக் கிளிப் எல்லாமே உப்புத் தண்ணீரில் அரித்துப்போகும். அதிகம் பேர் கவனிக்காதது காந்தம். கண்ணாடி துடைக்கும் காந்தத்திலும் வேவ் மேக்கரிலும் இருக்கும் நியோடிமியம் காந்தத்துக்குப் பெரும்பாலும் நிக்கல், செம்புப் பூச்சுதான். மேல் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், உப்புநீர் உள்ளே புகுந்து அத்தனையையும் கரைக்கும். துரு தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

மீன் கடைகளில் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போடுவது வழக்கம். ஆகவே புது மீன் வந்த பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பாசிக்குச் செம்புச் சேர்மமான மயில்துத்தம் போடச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். மண்டபம், தூத்துக்குடி பக்கம் போய்க் கேனில் கடல்நீர் பிடித்து வருபவர்கள் படகுத் துறையில் பிடிக்க வேண்டாம். படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயிண்டில் இருப்பதும் பெரும்பாலும் செம்புதான்.

அறிகுறி மீனில் தெரியாது. மீன் துள்ளிக்கொண்டு திரியும். அதைப் பார்த்துத்தான் பலரும் அசந்துபோகிறார்கள். நத்தை பிடி விட்டுக் கீழே விழுவது, இறால் சாவது, லெதர் கோரல் நாட்கணக்கில் விரியாமல் சளி விடுவது, ஸோவாந்திட் மூடியே கிடப்பது, நிறம் வெளுப்பது: இவற்றில் இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். பவளங்களை உடனே புது உப்புநீருக்கு மாற்றுங்கள். உப்பளவும் சூடும் ஒத்திருக்கட்டும். அதற்கான உப்பை டி.ஐ. ரெசின் வழியாக வந்த ஆர்.ஓ. நீரில் கலக்குங்கள். தொட்டியில் புது ஆக்டிவேட்டட் கார்பனும் உலோகம் உறிஞ்சும் ரெசினும் போட்டு, பெருமளவு தண்ணீரை மாற்றுங்கள். உலோகம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை பவளத்தைத் திருப்பி வைக்க வேண்டாம்.

செத்த பவளத்துக்குப் பதிலாக மன்னார் வளைகுடாவிலிருந்து ஒன்று எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. எடுத்தாலும் வாங்கினாலும் குற்றம்.

ஊருக்குப் போகும்போது தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடமும் எந்தத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதை இன்றைக்கே சொல்லிவையுங்கள்.