உறுதி இல்லாத காணியிலும் உறுதியான படி

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களின் வளவுகளுக்குச் செல்லும்போது நாம் முதலில் காண்பது வாசற்படியைத்தான். பல இடங்களில் அது படியே அல்ல. ஆடுகின்ற ஒரு சீமெந்துக் கல், அதன்மேல் ஒரு பலகைத் துண்டு, பக்கத்தில் மாரி வெள்ளம் அரித்த பள்ளம். ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வருகிறது: "இது எங்கட காணி இல்லை, சுவாமி. இண்டைக்கோ நாளைக்கோ ஊருக்குப் போயிடுவம்."

அந்த 'இண்டைக்கோ நாளைக்கோ' சில குடும்பங்களுக்கு முப்பது ஆண்டுகளையும் தாண்டிவிட்டது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்டவர் இன்று தாமே பிள்ளை பெற்றவராக இருக்கிறார். அவரது தாயாரோ இருட்டில் அந்தக் கல்லில் கால் வைத்து இறங்குகிறார். வயது போனவர் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்தக் குடும்பத்தின் ஒரு போகத்து வருமானம் வைத்தியத்துக்கே போய்விடும். ஊருக்குப் போகும் நாள் எம் கையில் இல்லை. படியைத் திருத்துவது எம் கையில் இருக்கிறது.

அரியாலை சொல்லும் பாடம்

யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கண்டி வீதிக்கும் கடனீரேரிக்கும் இடையே பரந்திருக்கும் அரியாலை, இடம்பெயர்வை ஒருமுறை மட்டும் அறிந்த ஊர் அல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது இந்த ஊரும் வெறுமையானது. 1996இல் மக்கள் திரும்பத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டில் அரியாலை கிழக்கு மீண்டும் போர்முனையாயிற்று.

வீடுகள் இடிந்தன. ஆனால் அத்திவாரக் கற்களும் கிணற்றுக்கட்டுகளும் படிகளும் பல வளவுகளில் எஞ்சின. குடாநாட்டு வீடுகளுக்கு நிலத்தடியிலிருந்து வெட்டிய சுண்ணக்கல்லே பழைய நாளில் முதற் பொருள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் தொழிற்படத் தொடங்கிய பின்னரே சீமெந்து எங்கும் பரவியது. 1990இல் அந்த ஆலையும் நின்றது. பொருளாதாரத் தடையினால் வெளியிலிருந்து வந்த சீமெந்தும் நின்றது. ஆகவே சீமெந்து இல்லாமல் கட்டுவது எமது மக்களுக்குப் புதிய வித்தை அல்ல.

இதிலிருந்து நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. காணி உங்களுடையதாக இல்லாவிட்டாலும் கல்லையும் செங்கல்லையும் சாந்து பூசாமல் அடுக்கிப் படியும் நடைபாதையும் அமைக்கலாம். போகும் நாளில் அவற்றைக் கிளப்பி எடுத்துச் செல்லலாம். சீமெந்தில் போட்ட பணம் காணியோடு நின்றுவிடும். அடுக்கிய கல்லோ உங்களோடு வரும்.

படி அமைக்கும் முறை

முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். படி ஒவ்வொன்றின் ஏற்றம் 6 அங்குலம், மிதிக்கும் அகலம் 12 அங்குலம் இருந்தால் முதியோருக்கும் தண்ணீர்க்குடம் சுமப்போருக்கும் இலகு. இரண்டு ஏற்றத்தையும் ஒரு மிதியையும் கூட்டினால் ஏறக்குறைய 24 அங்குலம் வரவேண்டும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கட்டடக்கலைஞர் புளொண்டெல் எழுதிவைத்த கணக்கு. மனிதரின் நடையை அளந்து சொன்ன கணக்காதலால் எமது முற்றத்துக்கும் பொருந்துகிறது.

நிலத்திலிருந்து வீட்டுத்தளம் 18 அங்குல உயரமென்றால் மூன்று ஏற்றங்கள் தேவை. மூன்றாவது ஏற்றம் வீட்டுத்தளத்திலேயே முடிவதால் இரண்டு படிகள் போதும். எல்லா ஏற்றங்களும் ஒரே அளவாக இருக்கவேண்டும். கால் தானாகவே பழைய அளவை எதிர்பார்க்கும். ஒரு படி மட்டும் ஓர் அங்குலம் கூடினாலும் அங்கேதான் தடக்கி விழுவார்கள்.

படி வரும் இடத்தில் இளகிய மண்ணை அரை அடி ஆழத்துக்கு அகற்றி, உடைகல்லை இட்டுக் கனத்த மரக்குற்றியால் இடியுங்கள். பெரிய, தட்டையான கற்கள் கீழ்ப்படிக்கு. மேற்படிக் கல்லின் முன்பகுதி கீழ்க்கல்லின் பின்பகுதியில் மூன்று அங்குலமாவது ஏறி உட்காரவேண்டும். ஆகவே கீழ்க்கல் 15 அங்குலமாவது அகலமாக இருக்கவேண்டும். பின்புற வெற்றிடத்தைக் கல்துண்டுகளால் இறுக்குங்கள். ஒவ்வொரு கல்லையும் வைத்தபின் நான்கு மூலைகளிலும் ஏறி மிதித்துப் பாருங்கள். ஆடினால் மேலே மண்ணைப் போட்டு மறைக்க வேண்டாம். அலவாங்கால் கிளப்பி, அடியில் கல்லாப்பு வைத்துத் திரும்ப இருத்துங்கள். மழைநீர் வழிந்தோட, ஓர் அடிக்குக் கால் அங்குலம் முன்பக்கம் சரியட்டும்.

நடைபாதையும் முற்றமும்

அடுப்படியிலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து மலசலகூடத்துக்கும் செல்லும் வழிதான் நாள்முழுதும் மிதிபடுவது. அதை முதலில் செய்யுங்கள். மூன்று அடி அகலம் இருந்தால் ஊன்றுகோலோடு நடப்பவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் போகலாம்.

ஆறு அங்குலம் மண்ணை வெட்டி எடுத்து, மூன்று அங்குலம் உடைகல் இட்டு இடித்து, ஓர் அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல்லை அல்லது தட்டைக் கல்லை நெருக்கி அடுக்குங்கள். ஒரு வரிசையின் மூட்டுக்கு நேரே அடுத்த வரிசையின் மூட்டு வரலாகாது. இரு கரையிலும் கற்களை நிறுத்தி நட்டுவிட்டால் மணல் கரைந்தோடாது. கடைசியில் காய்ந்த மணலைத் தூவி ஈர்க்குமாற்றால் மூட்டுகளுக்குள் கூட்டுங்கள். முற்றமும் இதே முறைதான். சரிவு மட்டும் வீட்டுக்கு எதிர்ப்புறமாக இருக்கவேண்டும்.

கடனீரேரிக் கரையை அண்டிய தாழ்ந்த வளவுகளில் கிண்டவே வேண்டாம். 2008 நவம்பரில் 'நிஷா' புயல் கொட்டிய மழையில் தாழ்ந்த முற்றங்கள் குளங்களானதை மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே கல்லும் மண்ணும் போட்டு உயர்த்தி, அதன்மேல் பாதையை அடுக்குங்கள்.

பழைய செங்கல்லை எடுக்கும்போது இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நிலத்துக்கு உதவும். மந்தமாக ஒலித்தால் நன்றாக வேகாத கல், ஈரத்தில் கரைந்துபோகும். கடனீரேரி மணலில் உப்பு உண்டு. அதை அப்படியே சாந்துக்குக் குழைத்தால் சுவரிலும் படியிலும் வெள்ளையாக உப்புப் பூத்து, கல் பொருக்குப் பொருக்காக உதிரும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசியே பாவியுங்கள். அனுமதியில்லாமல் மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

கிணற்றடி மட்டும் விலக்கு

சாந்தில்லாமல் அடுக்கும் முறை கிணற்றடிக்குப் பொருந்தாது. குடாநாட்டில் நாம் குடிப்பது நிலத்தடி நீரே. சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்திருப்பதால் மேலே ஊற்றிய அழுக்குநீர் வடிபடாமலே விரைவாகக் கீழே போய்விடும். எனவே கிணற்றைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீற்றர் அகலத்துக்கு வெடிப்பில்லாத தளம் வேண்டும். அது கிணற்றுக்கு வெளிப்புறமாகச் சரிந்து, வாய்க்கால் வழியே தண்ணீரைத் தூரத்து வாழைக்கு விடவேண்டும். கையிலுள்ள சீமெந்து ஒரு பையானாலும் அதை இங்கே செலவிடுங்கள்.

வெடித்த தளத்தின்மேல் மெல்லிதாகச் சீமெந்து பூசுவதால் பயனில்லை. வெடிப்பை உளியால் அகலமாக வெட்டி, தூசி போகக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே சாந்தை இறுக்குங்கள். ஏழு நாட்கள் ஈரச்சாக்கால் மூடிவையுங்கள். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய படிகளைத் திருத்தும்போது தனிச் சீமெந்துச் சாந்து வேண்டாம். அது கல்லைவிட இறுகி, கல்லின் விளிம்பை உடைத்துவிடும். ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கலவை போதும்.

காணிக்காரரோடு பேசுங்கள்

காணி தந்தவருக்கும் ஒரு பயம் உண்டு. பத்து ஆண்டுகள் எதிர்ப்பின்றி ஆண்டால் உரிமை கோரலாம் என்ற ஆட்சியுரிமைச் சட்டத்தை அவர் கேள்விப்பட்டிருப்பார். சீமெந்து மூட்டையைக் கண்டதும் அவர் முகம் மாறுவது அதனால்தான். அதைத் தவறாக எடுக்கவேண்டாம். கல்லை எடுக்குமுன் சென்று, "அண்ணை, கிளப்பி எடுக்கக்கூடிய மாதிரித்தான் போடப்போறம், கிணற்றடி திருத்தினால் அது உங்களுக்கே" என்று சொல்லுங்கள். முடிந்தால் கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் இரண்டு வரி எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். இடிந்த வீட்டுக் கல்லையும் உரியவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அந்தக் கல்லுக்கும் திரும்பிவரக் காத்திருக்கும் ஒரு குடும்பம் இருக்கலாம்.

போர் நடந்த இடங்களில் இடிபாட்டைக் கிளறுமுன் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கேட்டறியுங்கள். இனந்தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் அடையாளமிட்டு, உடனே கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

இயேசுவின் தொழிலைக் குறிக்க நற்செய்தி பயன்படுத்தும் 'தெக்தோன்' என்ற கிரேக்கச் சொல் தச்சரை மட்டுமன்றி, கட்டுமான வேலை செய்பவரையும் குறிக்கும். கல் சுமந்த கையை இழிவாக நினைக்க எமக்கு உரிமையில்லை. வாசற்படியை மஞ்சள் பூசி மதிக்கும் எமது சைவ அயலவருக்கு இதை விளக்கவேண்டியதும் இல்லை.

ஆவணி, புரட்டாதி கழிந்தால் மாரி வந்துவிடும். அதற்குமுன் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒரு ஞாயிறு ஒருவர் வளவு, அடுத்த ஞாயிறு மற்றவர் வளவு என்று கைமாற்றாக வேலை செய்யுங்கள். பெரியவர்கள் கல் தூக்க, பிள்ளைகள் கடகத்தில் மணல் கொண்டுவரட்டும். வயது போனவர்கள் இருக்கும் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.