குளிர்க் கடலில் குடியேறும் உயிர்கள்

கடல்நீர் குளிர்ந்தால் அதிலுள்ள உயிர்களின் பெருக்கமும் ஒடுங்கிவிடும் என்று நாம் எண்ணுவது இயல்பு. வெப்பக் கடல்களிலே கப்பலின் அடியில் ஆண்டு முழுவதும் உயிரினங்கள் பற்றி வளர்கின்றன என்பதும் மெய்யே. ஆயினும் ஸ்கொட்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளின் குளிர்ந்த கரையோரங்களும் இத்தொல்லைக்கு விலக்கானவை அல்ல. அங்கே அதற்கு ஒரு பருவம் உண்டு, அதுவே வேறுபாடு.

நேயர்களே, அப்பருவம் எவ்வாறு அமைகின்றது? பாறைகளிலும் கப்பல்களிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு ஓட்டினுள் ஒடுங்கியிருப்பதால் இது சிப்பியினம்போலத் தோன்றும். உண்மையில் நண்டுக்கும் இறாலுக்குமே இது உறவாகும். வடகடற் பாறைகளில் மிகுதியாகக் காணப்படும் கொட்டலசு, இலையுதிர்காலத்திற் கருவுற்ற முட்டைகளை மாரி முழுவதும் தன் ஓட்டினுள்ளேயே பேணி வைத்திருக்கும். குளிர் போதாவிடின் இதன் இனப்பெருக்கமே தடைப்படும். இளவேனிலில் ஒளி மிகுந்ததும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய தாவரங்கள் கடலிற் பெருகும். அவ்வேளை பார்த்தே தாய் தன் குடம்பிகளை வெளியே விடும். அவை அவ்வுணவை உண்டு, பன்முறை தோலுரித்து, சில வாரங்களில் இடந்தேடத் தொடங்கும். ஏற்ற இடம் கண்டதும் தலையை ஊன்றி, ஒருவகைப் பசையினால் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் இடம் பெயர்வதில்லை. கால்களை வீசி, நீரில் வரும் உணவை வாரி உண்டு வாழும்.

இவை படிந்த கப்பலின் வேகம் குன்றும். எரிபொருட் செலவு மிகும். 18ஆம் நூற்றாண்டிலே பிரித்தானியக் கடற்படை, மரக்கப்பல்களின் அடியிற் செப்புத் தகடு பொருத்தியது. அச்செப்பு கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க, ஹம்பிரி டேவி என்னும் விஞ்ஞானி 1824இல் அதனோடு இரும்பை இணைத்தார். செப்பு தப்பியது, உயிர்களோ மீண்டும் வந்து குடியேறின. செப்புச் சிறிது சிறிதாகக் கரைவதே கப்பலுக்குக் காவல் என்பது புலனாயிற்று.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெள்ளீயச் சேர்வையொன்று கலந்த பூச்சு பெருவழக்காயிற்று. அது கப்பலைக் காத்தது. ஆனால் நீரிற் கலந்த அந்நஞ்சால் கரையோரப் பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்து, அவற்றின் இனம் அருகியது. அத்தகைய பூச்சுக்களை விலக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு, 2008இல் நடைமுறைக்கு வந்தது.

குளிர்நாட்டுப் படகுக்காரர் பலர் மாரியிலே படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, இளவேனிலில் மீண்டும் நீரில் இறக்குமுன் புதுப்பூச்சு இடுகின்றனர். எந்த நஞ்சும் கப்பலோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. ஆதலால், நஞ்சின் வலிமையைக் கூட்டுவதிலும், உயிர்கள் குடியேறும் காலத்தை அறிந்து காப்பதே கப்பலுக்கும் கடலுக்கும் நன்று.