புறக்காழும் அகக்காழும்: தொல்காப்பியத் தாவரப் பகுப்பும் தண்டின் செயற்பாடும்

முன்னுரை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், ஓரறிவுயிராகிய தாவரங்களைப் புல், மரம் என இரண்டாகப் பகுக்கிறது. புறத்தே காழ் உடையவை புல். அகத்தே காழ் உடையவை மரம். காழ் என்பது வைரம் பாய்ந்த வன்பகுதியைக் குறிக்கும். இதன்படி பனை, தென்னை, மூங்கில் ஆகியன புல்லாகும். வேம்பு, தேக்கு, புளி ஆகியன மரமாகும். இப்பகுப்பும் இக்காலத் தாவரவியலின் ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்பும் ஒன்றே எனக் கூறுவோர் உளர். அக்கூற்று எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதைத் தண்டின் அமைப்பைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

புறக்காழ்

நீரைக் கடத்தும் சைலமும் உணவைக் கடத்தும் புளோயமும் இணைந்த கற்றைகள் பனையின் தண்டு முழுவதும் சிதறி அமைந்துள்ளன. விளிம்பை நெருங்குந்தோறும் அவை செறிந்து, தடித்த நார் உறையும் பெறுகின்றன. எனவேதான் பனையின் புறப்பகுதி கூரைக்குரிய பனங்கையாகப் பயன்படுகிறது. நடுப்பகுதி மென்மையாக உள்ளது. காற்றில் வளையும் தண்டின் விளிம்பிலேயே விசை மிகுதியாகத் தாக்கும். ஆதலின் வன்மை அங்கு அமைவது தாவரத்திற்குப் பயன் தருவதாகும். பனையில் கேம்பியம் இல்லை. அதனால் தண்டில் வெட்டிய வடு புதிய திசுவால் மூடப்படாமல் நிலைத்துவிடுகிறது.

அகக்காழ்

வேம்பு போன்றவற்றில் கேம்பியம் வளையமாக அமைந்து, உட்புறம் சைலத்தையும் வெளிப்புறம் புளோயத்தையும் தொடர்ந்து உருவாக்குகிறது. முதிர்ந்த சைலம் நீர் கடத்துவதை நிறுத்தி, பிசின் முதலியன படிந்து வைரக்கட்டையாக மாறுகிறது. இது உயிரற்ற பகுதி. நடுவில் பொந்து விழுந்த புளியமரம் தழைத்து நிற்பதற்கு இதுவே காரணம். மாறாக, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்தால் புளோயம் அறுபடும். உணவு கிடைக்காமல் வேர் நலியும். நாளடைவில் மரம் பட்டுப்போகும்.

உறுப்புப் பெயர்கள்

மரபியல் இவ்விரு வகைக்கும் உரிய உறுப்புப் பெயர்களையும் பிரித்துரைக்கிறது. மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை போன்றவை புல்லுக்கு உரியன. இலை, தளிர், சினை, அரும்பு, நனை போன்றவை மரத்திற்கு உரியன. பாளை என்பது இளம் பூங்கொத்தை மூடிக் காக்கும் உறை; ஈர்க்கு என்பது தென்னங்கீற்றின் ஒவ்வோர் இதழையும் விறைப்பாக நிறுத்தும் நடுநரம்பு. பாளைக்கு நிகரான உறுப்பு வேம்பில் இல்லை. ஆயினும் தோடு என்னும் சொல் இரு பட்டியலிலும் இடம்பெறுகிறது. காய், பழம், தோல் முதலியன இரண்டிற்கும் பொதுவாகக் கூறப்படுகின்றன.

முடிவுரை

ஒருவித்திலை, இருவித்திலை என்னும் பகுப்பு, 17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே விளக்கியவாறு, விதையிலையின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. தொல்காப்பியப் பகுப்போ தண்டின் வன்மையையும் சொல் வழக்கையும் அடிப்படையாகக் கொண்டது. முருங்கை இருவித்திலைத் தாவரமே. எனினும் அதன் அகத்தே வைரம் இல்லை. எனவே இரண்டும் ஒன்றே எனல் பொருந்தாது. ஆயினும் தண்டை வெட்டிக் கையாண்ட மக்களின் அறிவு, கேம்பியம் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பெரும்பாலும் சரியாகவே பிரித்துள்ளது. விதையிலைக் கணக்கை அதன்மேல் ஏற்றாமல், அந்த உற்றுநோக்கலையே தொல்காப்பியத்தின் அறிவியற் பெறுமதியாகக் கொள்வது தகும்.