பத்து விரலும் பிரஷ்தான்!

என்.எஸ்.எஸ்.ல சேர்ந்தா வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செஞ்சாகணும். மரக்கன்று நட்டாச்சு, பேரணி போயாச்சு. அடுத்து? பக்கத்து அங்கன்வாடி டீச்சர்கிட்ட அனுமதி வாங்கிட்டு, வாண்டுகளோட ஒரு நாள் பெயின்ட் அடிச்சுப் பாருங்களேன். பிரஷ் வேண்டாம், விரல் போதும்!

விரல் ஓவியத்தைப் பிரபலப்படுத்தினவங்க ரூத் ஃபெய்சன் ஷா என்ற அமெரிக்க ஆசிரியை. 1934-ல் இதுக்காகப் புத்தகமே எழுதினாங்க. ஆனா, ஸ்ரீரங்கத்து வாசல்ல பாட்டி போட்ட மாக்கோலத்தை இழுத்துவிட்ட வாண்டுக்கு இதெல்லாம் ஜுஜுபி!

செலவா? காந்தி மார்க்கெட்ல ஒரு ரவுண்டு போதும். அரிசி மாவைத் தண்ணியில கரைச்சு அடுப்புல கிண்டினா கூழ் ரெடி. நல்லா ஆறினதும் மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, அரைச்ச கீரைன்னு தனித்தனியா கலந்தா மூணு கலர். மஞ்சள் கூழ்ல ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்க, செக்கச் சிவந்துடும். ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு செய்யற அதே மேஜிக். கெமிஸ்ட்ரி மாணவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்! சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், பிஞ்சுக் கை எரியும். கலர் கோலப்பொடி, ஹோலிப் பொடியும் நோ. சின்னதுங்க கை நேரா வாய்க்குத்தான் போகும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சு வெச்சா, பூ ரெடி.

இனிமேதான் கஷ்டமான வேலை. அதாவது, சும்மா இருக்கறது! 236 அடி ராஜகோபுரம் ரெண்டு விரல் உயரத்துல நிக்குதா? நிக்கட்டும். மலைக்கோட்டை பச்சையா இருக்கா? இருக்கட்டும். கையைப் பிடிச்சு நீங்க வரைஞ்சா படம் அழகாத்தான் வரும். ஆனா, அது உங்க படம். 'இது என்ன?'ன்னு துருவாதீங்க. 'இந்தக் கலர் எப்படி வந்துச்சு?'ன்னு கேளுங்க, கதையே சொல்லும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் வேண்டாம்.

கூழைப் பிசைஞ்சு, இழுத்து, தேய்க்கிற விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகுது. அதைவிட, 'தொடாதே, அழுக்காயிடும்'னு நாள் முழுக்கக் கேட்கிற குழந்தைக்கு, 'தொட்டுப் பாரு'ன்னு ஒரு அண்ணனோ அக்காவோ சொல்றது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

சட்டையில மஞ்சள் கறையா? சோப்பு பட்டதும் சிவக்கும், பதறாதீங்க. நல்லா அலசி வெயில்ல காயப்போடுங்க. மீதியை நம்ம திருச்சி வெயில் பார்த்துக்கும்!