வீடு கட்டப் போகும் விருந்தாளிகள்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சொந்த வீட்டைக் கட்டுவதே பெரும்பாடு. அப்படியிருக்க, கைப்பணத்தில் விமானச் சீட்டு வாங்கி, விடுமுறையையும் கொடுத்து, அயல்நாட்டில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்துக்குச் சுவர் எழுப்பப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாடுகளில் படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்த அழைப்பு வருகிறது. “போகலாமா ஃபாதர்?” என்று அவர்கள் கேட்கிறார்கள். “அந்த டிக்கெட் பணத்தை அனுப்பினால் அங்கேயே நாலு கொத்தனாருக்கு வேலை கிடைக்குமே” என்கிறார்கள் பெற்றோர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு.

அன்பு இறைமக்களே, இந்தப் பணியில் உலகறிந்த அமைப்பு ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’. அதன் வேர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளாரன்ஸ் ஜோர்டன் என்னும் பாப்டிஸ்ட் போதகர் 1942-இல் தொடங்கிய ஒரு பண்ணையில் இருக்கிறது. பண்ணையின் பெயர் கொய்னோனியா. திருத்தூதர் பணிகள் நூலில் தொடக்கத் திருச்சபையின் நட்புறவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. கறுப்பரும் வெள்ளையரும் அங்கே ஒரே பந்தியில் உண்டார்கள். அதற்காகவே 1950-களில் பண்ணையின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வெளியே வணிகர்கள் அவர்களோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்திக்கொண்டார்கள்.

இளம் வயதிலேயே பெரும் பணம் சேர்த்து, குடும்ப வாழ்வு முறியும் நிலைக்கு வந்ததும் சொத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்ட மில்லர்ட் ஃபுல்லர், தம் மனைவி லிண்டாவோடு 1965-இல் அங்கே வந்தார். சுற்றுப்புறத்து ஏழைகளுக்கு அவர்களோடு சேர்ந்தே வீடு கட்டும் திட்டம் அங்கே உருவானது. முதல் வீடு முடியும் முன்பே, 1969-இல், ஜோர்டன் இறந்துவிட்டார். ஃபுல்லர் தம்பதியர் 1973-இல், அன்று சயீர் எனப்பட்ட காங்கோவுக்குப் போய் மூன்று ஆண்டுகள் அதே முறையில் வீடு கட்டினார்கள். திரும்பி வந்து 1976-இல் இந்த அமைப்பைத் தொடங்கினார்கள்.

அந்த முறைதான் இங்கே முக்கியம். வீடு இலவசம் அல்ல. குடும்பத்தார் தாங்களும் கல்லும் மண்ணும் சுமக்க வேண்டும். செலவைத் தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அன்று வைத்த விதி, இலாபமும் இல்லை, வட்டியும் இல்லை என்பது. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்ற விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரத்துச் சட்டத்தை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் தவணைப் பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகிறது. இலவசமாகவே கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். சில நேரங்களில் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தவணை கட்டுகிறவர் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. இன்று பெற்ற குடும்பமே நாளை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கிறது.

இனி, பயணம் போகும் நம் பிள்ளைக்கு வருவோம். கட்டடம் நடக்கும் இடத்தில் அவருடைய நிலை சித்தாளின் நிலை. தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் பார்ப்பவர் அந்த ஊர்க் கொத்தனார். இவர் சாந்துச் சட்டி தூக்குவார், செங்கல் எடுத்துக் கொடுப்பார், அவர் “இடி” என்றால் தாம் கட்டிய வரிசையை இடிப்பார். படித்தவருக்கு இது கொஞ்சம் கசக்கும்! திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் வெளியிட்ட, மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில், உதவி செய்ய அயல்நாடு போகிறவர்கள் எசமானர்களாக அல்ல, உடனுழைப்பாளர்களாக நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இது வெறும் பணிவுப் பாடம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. 2010 சனவரி 12-ஆம் நாள் எயிட்டியில் நிலம் அதிர்ந்தபோது மக்களைக் கொன்றது பெரும்பாலும் தங்கள் தலைமேல் இருந்த கான்கிரீட்தான். போதிய கம்பி இல்லாத தூண்களும் தரமற்ற கலவையும் கொண்ட கட்டடங்கள் சரிந்தன. நல்லெண்ணத்தோடு கட்டினாலும் கோணலாகக் கட்டிய சுவர் கோணல் சுவர்தான்.

அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரும் அவர் துணைவியார் ரோசலினும் 1984 முதல் இந்தப் பணியில் ஈடுபட்டு 14 நாடுகளில் தொண்டர்களோடு உழைத்தார்கள். 2006-இல் மகாராஷ்டிர மாநிலம் லோனாவாலா அருகே மாலவ்லியிலும், நிலநடுக்கத்துக்குப் பின் 2011, 2012 ஆண்டுகளில் எயிட்டியின் லேயோகான் நகரிலும் வேலை செய்தார்கள். மாலவ்லிக்கு வந்தபோது அவருக்கு வயது 82. 2019-இல், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல் போட்டுக்கொண்டு, அன்று மாலையே நாஷ்வில் நகரில் வீடு கட்ட வந்திருந்த தொண்டர்கள் முன் நின்றார். 2024 திசம்பரில் நூறு வயதில் காலமானார்.

போக விரும்பும் பிள்ளைகள் கையெழுத்திடும் முன் சிலவற்றை விசாரித்துக்கொள்ளட்டும். அங்கே வேலையை நடத்துவது உள்ளூர்க் கொத்தனாரா? அவருக்குக் கூலி கிடைக்கிறதா? வீட்டுக்காரர்களும் கூடவே உழைக்கிறார்களா? வீடு யார் பெயரில் பதிவாகிறது? நிழற்படம் எடுக்கும் நேரம் போக, வேலை நேரம் எவ்வளவு? பதில் திருப்தியாக இருந்தால் தயங்காமல் போகட்டும். இல்லையென்றால் டிக்கெட் பணத்தை அந்த ஊருக்கே அனுப்பிவிடலாம். அப்போது பெற்றோர் சொன்னதுதான் சரி.