நீளக் குழல் வாங்கினால் தூரம் போகுமா?

அமெரிக்காவில் மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளம் போட ஒரு துப்பாக்கி இருந்தது. அதில் தோட்டா கிடையாது. சாயம் அடைத்த உருண்டைதான் பாயும். 1981-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற ஊரின் காட்டில், 12 பேர் அதை வைத்து விளையாடினார்கள். "பெயிண்ட்பால்" விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. அன்று ஜெயித்தவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை என்பதுதான் வேடிக்கை!

இப்போது அங்கே துப்பாக்கி வாங்கும் இளைஞர்கள், அதோடு வரும் குழலைக் கழற்றிவிட்டு வேறு குழல் தேடுகிறார்கள். நீளக் குழல் என்றால் உருண்டை தூரமாகப் போகும் என்று பலருக்கு எண்ணம்.

அது தவறு.

பெரும்பாலான ஆடுகளங்களில் வினாடிக்கு 300 அடிக்கு மேல் வேகம் கூடாது. வேகம் ஒன்றானால் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்று தள்ளி முடித்த பிறகு மிச்சக் குழல் உருண்டையை உரசித் தடுக்கும். அந்த வேகத்தைப் பிடிக்க அதிகக் காற்று செலவாகும். 12 முதல் 14 அங்குலம் தாராளம்.

ஊதிப் பார்!

பார்க்கவேண்டியது குழலின் உள் அகலத்தை. உருண்டையின் அளவு 0.68 அங்குலம் என்பார்கள். ஆனால் அதன் தோல் ஜெலட்டின். ஈரக் காற்று பட்டால் உப்பும். பெட்டிக்குப் பெட்டி அளவு மாறும்.

குழலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, பின்பக்கம் ஓர் உருண்டையைப் போடவேண்டும். தானாக உருண்டு விழுந்தால் குழல் தொளதொளப்பு. காற்று இடுக்கில் ஓடிவிடும். ஒவ்வொரு முறையும் வேகம் மாறும். ஊதியும் நகராவிட்டால் இறுக்கம். உருண்டை உள்ளேயே உடைந்து, அடுத்தது கோணலாகப் போகும். உள்ளே நின்று, ஊதியதும் வெளியே வந்தால் அதுவே சரியான ஜோடி. உள் அகலத்தை மாற்ற, செருகு குழாய்களோடு வரும் குழல்களும் உண்டு. விலை அதிகம், அடிக்கடி ஆடுகிறவருக்குத்தான் லாபம்.

மரையும் பொருந்தவேண்டும். "ஆட்டோகாக்கர்" மரைக் குழல் "டிப்மேன் 98" துப்பாக்கியில் ஏறாது.

கண் பத்திரம்!

குழலை மாற்றினால் வேகமும் மாறும். 290 அடியில் இருந்தது 300-ஐத் தாண்டலாம். ஆகவே முகமூடி அணிந்து, வேகமானியில் சுட்டுப் பார்த்து, திருகைத் திருப்பி வேகத்தைக் குறைத்த பிறகே களத்தில் இறங்கவேண்டும். முகமூடி இல்லாத கண்ணில் ஓர் உருண்டை பட்டால் பார்வையே போகலாம். ஆட்டம் முடிந்ததும் குழலின் வாய்க்கு உறை போட்டுவிட்டுத்தான் முகமூடியைக் கழற்றுவார்கள்.