ஜனாதிபதி உடலில் குண்டு! தேடிய கருவி குழம்பியது ஏன்?

அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டை 1881-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி வாஷிங்டன் ரெயில் நிலையத்தில் கைட்டோ என்பவன் சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிட்டது.

குண்டு எங்கே? டாக்டர்கள் திணறினார்கள். அப்போது எக்ஸ்ரே கிடையாது.

டெலிபோன் புகழ் கிரகாம் பெல் உதவிக்கு வந்தார். உலோகம் பக்கத்தில் இருந்தால் ரிசீவரில் சத்தம் கேட்கும் கருவியைச் செய்தார். உடம்பில் குண்டோடு வாழ்ந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்தார். வேலை செய்தது!

கரகர சத்தம்

ஜூலை 26-ந் தேதி வெள்ளை மாளிகையில் சோதனை நடந்தது. கருவி கரகரவென்று இரைந்தது. பார்த்தால், கண்டென்சர் இணைப்பில் கோளாறு!

சரிசெய்துகொண்டு ஆகஸ்டு 1-ந் தேதி மீண்டும் வந்தார். இந்தத் தடவை பரவலாக லேசான சத்தம். இடம் பிடிபடவில்லை.

கம்பி மெத்தை

மறுநாள் விசாரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்கு அடியில் இன்னொரு மெத்தை. அது உருக்குக் கம்பி மெத்தை! போதாக்குறைக்கு, தலைமை டாக்டர் வலது பக்கத்திலேயே தேட வைத்தார்.

செப்டம்பர் 19-ந் தேதி கார்பீல்டு இறந்தார். பிரேத பரிசோதனையில் குண்டு கிடைத்தது, இடது பக்கத்தில்!

இன்றைக்கும் மெட்டல் டிடெக்டர் தாறுமாறாகக் காட்டினால், கருவியை மட்டும் திட்டிப் பயனில்லை. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றுங்கள். இரும்புக் கட்டில், மின்சார ஒயரை விட்டு விலகுங்கள். பேட்டரியையும் இணைப்பையும் பாருங்கள். பிறகு ஒரு காசை வைத்துச் சோதியுங்கள்.

முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பது நல்லது!